கடவையும் பள்ளியும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில் இந்தத் தொடர் இப்போது இலுப்பைக்கடவைக்கு வந்திருக்கிறது. மேற்கே பாக்கு நீரிணையின் ஆழமில்லாத கடல். கிழக்கே வயலும் காடும். நிர்வாகக் கணக்கில் இது மாந்தை மேற்குப் பிரிவு. அந்தப் பெயரில் உள்ள மாந்தை, திருக்கேதீச்சரத்தை அடுத்திருந்த பழைய துறைமுகம். சீனத்துப் பீங்கானும் பாரசீகக் குடாவின் சாடிகளும் வந்திறங்கிய இடம் என்பதற்கு அகழாய்வுச் சான்று உண்டு. கடவை என்றால் கடந்து போகும் வழி. மலையாளக் கரையில் இதன் உடன்பிறந்த சொல் கடவு. படகு அணையும் துறையை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். கொச்சிப் பக்கத்தில், மட்டாஞ்சேரியில் ஒன்றும் எர்ணாகுளத்தில் ஒன்றுமாகக் ‘கடவும்பாகம்’ என்ற பெயரில் இரண்டு யூதத் தொழுகைப் பள்ளிகள் உண்டு. கடவுப் பக்கத்துப் பள்ளி என்பதே அதன் பொருள். சில ஆயிரம் பேரைத் தாண்டாத ஒரு கூட்டம் அந்தக் கடவுகளில் ஆயிரம் ஆண்டளவு தன் பெயரையும் நூலையும் விடாமல் இருந்தது எப்படி என்ற கேள்வியை இந்தக் கடவையில் வைத்து யோசிக்க விரும்புகிறேன். அவர்கள் தொழுத இடமே அவர்கள் படித்த இடமாகவும் இருந்தது என்பது என் பதில்.

இலுப்பைக்கடவையில் யூதர் வாழ்ந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடலுக்கு அவர்கள் அந்நியர் இல்லை. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அரபு ஆசிரியர் அபூ ஸைத், சரந்தீவில், அதாவது இலங்கையில், யூதர் பெருந்தொகையாக இருந்ததையும், அரசன் ஒவ்வொரு மதத்தாரையும் அவரவர் வழியில் நடக்க விட்டதையும் குறித்திருக்கிறார். மன்னார்க் கடலுக்கு அக்கரையில், இராமநாதபுரத்துப் பெரியபட்டினம் பாண்டியர் காலத்தில் பவித்திரமாணிக்கப்பட்டினம் எனப் பெயர் பெற்ற துறைமுகம். அதைக் குறிக்கும் திருப்புல்லாணிக் கல்வெட்டில் ‘சூதப்பள்ளி’ என்றொரு சொல் வருகிறது. யூதப் பள்ளி என்றே ஆய்வாளர் பொருள் கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லில் அரிதாகப் படுவது பள்ளி என்ற பாதிதான். மன்னார்க் கத்தோலிக்கர் திருப்பலி வாசகத்தில் கேட்கும் சொல் ‘தொழுகைக்கூடம்’. புரட்டஸ்தாந்தரின் பழைய வேதாகமத்தில் அது ‘ஜெப ஆலயம்’. இரண்டும் வேண்டுதலை மட்டும் சொல்கின்றன. பள்ளியோ சமண முனிவர் தங்கிய குகைக்கும், பௌத்தத் துறவியர் இருப்பிடத்துக்கும், சோனகர் தொழும் இடத்துக்கும், பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் இடத்துக்கும் ஒருசேர நின்ற சொல். ஐரோப்பாவின் இத்திஷ் மொழி பேசிய யூதரும் தங்கள் தொழுகை இடத்தைப் பள்ளிக்கூடம் என்று பொருள்படும் ‘ஷூல்’ என்றே அழைத்தார்கள். கல்வெட்டில் அந்தச் சொல்லைத் தந்தவர் யாராயினும், மொழிபெயர்ப்பாளர் பலருக்குத் தவறிய பொருள் அவரிடம் தவறவில்லை.

ஏன் தவறக்கூடாது என்றால், யூதத் தொழுகை கல்வியில்லாமல் நடக்கவே நடக்காது. அதன் நடுவில் இருப்பது சிலையோ பலிபீடமோ இல்லை. தோல் சுருளில் கையால் எழுதிய தோரா, அதாவது மோசேயின் நூல். ஆண்டு முழுவதற்குமாக அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் ஓய்வுநாளில் உரக்க வாசிக்கிறார்கள். அந்தச் சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, இராகக் குறிப்பும் கிடையாது. புள்ளியில்லாத நம் ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தவருக்கு இது விளங்கும்: ஒற்று எது, உயிர்மெய் எது, ஏகாரம் எது, எகரம் எது என்று ஓர் ஆசிரியர் வாயிலிருந்து கேட்டிராதவர் ஏட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ஆகவே ஒரு தலைமுறை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், அடுத்த தலைமுறையில் சுருள் பேழைக்குள் ஊமையாகிவிடும். இதோடு மினியான் என்ற விதியும் சேர்கிறது. பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் கூடினால்தான் சுருளைத் திறந்து முழுத் தொழுகை நடத்தலாம். அந்தப் பத்துப் பேரில் குரு ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் போதும். படித்தலும் தனியே நடப்பதில்லை. இருவர் இருவராக உட்கார்ந்து ஒரு வரிக்காக வாதாடுவார்கள். யூதரின் சட்ட விவாத நூலான தல்மூதின் அச்சுப் பக்கத்தில் மூலம் நடுவில் இருக்கும். உரைகள் நாற்புறமும் சூழ்ந்திருக்கும். குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபில் வந்த நமக்கு அந்தப் பக்கம் பழகிய முற்றம்போலத் தெரியும்.

கொச்சியில் இந்த அமைப்பைக் கட்டடத்திலேயே காணலாம். அங்கே பட்டம் பெற்ற ரபிகள், அதாவது யூத மதகுருமார், இருந்ததில்லை. மூப்பர்கள் நடத்தினார்கள், அரசனிடம் சமூகத்துக்காகப் பேசிய தலைவருக்கு நம் காதுக்கு மிகப் பழகிய பட்டமான ‘முதலியார்’ என்பதே பெயர். கேரளத்துப் பள்ளிகளில் வாசிப்பு மேடை இரண்டு: ஒன்று கூடத்தின் நடுவில், மற்றது மாடியில், பெண்கள் அமரும் பகுதியின் முன்னால். வேறெங்கும் இந்த அமைப்பு இல்லை. முக்கிய நாட்களில் மேல்மேடையிலிருந்தே வாசித்ததால், வாசிப்பு பெண்களுக்கு மிக அருகில் நடந்தது. செந்தமங்கலம் பள்ளியில் அந்தப் பெண்கள் பகுதிக்குப் பின்னாலேயே பிள்ளைகள் படித்த அறை இருந்தது. பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். விவிலியக் கதையும் பள்ளி கட்டிய கதையும் கல்யாணமும் அந்தப் பாட்டுகளில் ஒன்றாகக் கிடக்கின்றன. தொழுகையின் மொழி எபிரேயம், நினைவின் மொழி மலையாளம் என்று இரண்டு வாய்க்கால்களில் நீர் ஓடியது. இந்த இரண்டாவது வாய்க்காலை ஆண்கள் எழுதிய பயணக் குறிப்புகள் ஏறக்குறையக் கவனிக்கவே இல்லை. ஸ்கரியா சக்கரியா போன்ற மலையாள அறிஞர்களும் அவர்களோடு உழைத்த வெளிநாட்டு ஆய்வாளரும் அந்த நோட்டுகளைத் தேடிப் பதிப்பித்திராவிட்டால், கல்வி என்றால் ஆண்பிள்ளைகளின் பாடம் மட்டும் என்றே நாமும் எண்ணியிருப்போம்.

இந்த வாதத்தை மறுக்கப் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் ஒப்பற்ற யூத அறிஞர் மைமோனிடிஸ், இந்தியாவில் உள்ள யூதருக்கு ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தவிர வேறெதுவும் தெரியாது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் இந்தக் கடலை அறியாதவர் இல்லை. வணிகத்துக்குப் புறப்பட்ட அவருடைய தம்பி தாவீது இந்தியப் பெருங்கடலில்தான் மூழ்கி இறந்தார். ஆனாலும் இது கேள்விப்பட்ட செய்தி. அதே நூற்றாண்டின் பயணி துதேலாவின் பெஞ்சமின், கொல்லம் பகுதி யூதர் மோசேயின் நூலையும் தீர்க்கதரிசிகளையும் அறிந்தவர்கள், தல்மூதும் கொஞ்சம் அறிந்தவர்கள் என்கிறார். செந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டைக் காட்டும் எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாராளுடையது. வாசிப்பவர் இல்லாத ஊரில் யாரும் அப்படிக் கல் வெட்டமாட்டார்கள். மைமோனிடிஸின் சொல் பொருந்தக்கூடியது கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேலியருக்கு. அவர்களிடம் நூல் இல்லை, பள்ளியும் இல்லை. 1796இல்தான் பம்பாயில் சாமுவேல் திவேகர் முதல் பள்ளியைக் கட்டினார். அப்படியும் அவர்கள் நூற்றாண்டுகள் நிலைத்தார்களே என்றால், அது நியாயமான கேள்வி. நிலைத்தார்கள், கொள்வினை கொடுப்பினையும் சில சடங்கும் அவர்களைத் தனித்து வைத்தன. ஆனால் எண்ணெய் ஆட்டுவது தொழிலாகவும் சனிக்கிழமை செக்கை நிறுத்துவது வழக்கமாகவும் இருந்த அவர்களுக்கு ஊரார் இட்ட பெயர் ‘சனிவாரத் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர். இலுப்பையின் பெயரைச் சுமக்கும் ஊரில் அந்தச் செக்குக்காரரை நினைக்காமல் போக முடியவில்லை. தாங்கள் யார் என்ற வரலாறு அவர்கள் கைக்கு வந்தது புத்தகத்தோடும், கொச்சியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் போன ஆசிரியர்களோடும்தான்.

கல்வி என்ன காத்தது, அரசனின் கருணை அல்லவா காத்தது என்றும் கேட்கலாம். சேர மன்னன் பாஸ்கர ரவி ஏறக்குறைய கி.பி. 1000இல் யூதத் தலைவர் இஸ்ஸுப்பு இரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பகல் விளக்கு, குடை, பாவாடை, பறை, காகளம் என்று நம் கல்வெட்டுகளில் பழகிய வரிசையோடு 72 உரிமைகள். அந்த ஏட்டின் அருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் சென்னையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் வைரத்துக்கும் பவளத்துக்குமாக வந்த போர்த்துக்கேய யூத வணிகர்களுக்கு அங்கே பணமும் மதிப்பும் குறையாமல் இருந்தன. 1688இல் தொடங்கிய மாநகராட்சியில் இடமும் கிடைத்தது. வணிகம் திசை மாறியதும் போய்விட்டார்கள். இன்று மிஞ்சியது பவழக்காரத் தெரு என்ற பெயரும் சிறு கல்லறைத் தோட்டமும்.

எனக்கு மிகவும் கடினமான மறுப்பு வேறு. இவ்வளவு படித்தவர்கள் மட்டாஞ்சேரியில் என்ன செய்தார்கள்? அங்கிருந்த மற்றொரு தொழுகைப் பள்ளியான பரதேசிப் பள்ளியில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர் என்று சொல்லி ஒரு பகுதியினரை வாங்கில் உட்கார விடவில்லை, தோரா வாசிக்க அழைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் கேள்வி போனது. அவர்கள் முறைப்படி ஏற்கப்பட்டபின் முழு யூதரே என்று பதிலும் வந்தது. அந்தப் பதில் வந்த பிறகும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாங்கு மாறவில்லை. கற்றவர் கையில் நூல் இருந்தும் சாதி நின்றது என்பதை நான் மறுக்கப்போவதில்லை. சம ஆசனத்துக்காக யாழ்ப்பாணப் பாடசாலைகளில் நடந்த போராட்டத்தையும், 1968இல் ஆலய நுழைவு மறுக்கப்பட்ட மாவிட்டபுரம் கோயில் வாசலையும் அறிந்த நமக்கு அதை மறுக்கும் உரிமையும் இல்லை. ஆனால் அந்த வாங்கை அசைத்தவர் ஏ. பி. சாலம் (1882–1967). ஒதுக்கப்பட்ட பக்கத்தில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரானவர். பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்தார். வெளியே போய் வேறொரு மதம் தேட அவருக்குத் தேவை வரவில்லை. நியாயம் தன் பக்கம் என்பதைத் தன்னை ஒதுக்கியவர்கள் படித்த அதே நூலிலிருந்து அவரால் காட்ட முடிந்தது. கல்வி அநீதியைத் தடுக்கவில்லை. அநீதிக்கு எதிராகக் காட்ட ஒரு நூலை எல்லோர் கையிலும் விட்டிருந்தது.

கடைசியில் அவர்கள் போய்விட்டார்களே என்பார்கள். 1950களில் ஏறக்குறைய அனைவரும் இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள்; மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் உட்கூடம் மரவேலைப்பாட்டோடு இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அழகான கூடம். பத்துப் பேர் சேர்ந்து அங்கே சுருளைத் திறப்பதில்லை. நெவாத்திம் போன்ற குடியிருப்புகளிலோ கொச்சி மரபின் இராகத்தில் தொழுகை நடக்கிறது. பாட்டிகளின் நோட்டுகளிலிருந்து மலையாளப் பாட்டு மறுபடி எழுந்திருக்கிறது. இடம் பெயர்ந்தால் முடிந்தது என்று இந்தக் கரையில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குப் போயின. 1687இல் யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்திறங்கும்வரை, குருமார் விரட்டப்பட்ட அந்தக் காலத்தில் செபமும் ஞானப்பாடமும் மூப்பரும் அண்ணாவிமாரும் சொல்லிக்கொடுத்துத்தான் நின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலில் பள்ளிவாசலும் பாடசாலையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். 2008 ஏப்ரலில் போரினால் மடு மாதா மறுபடி காட்டைவிட்டு இந்த வீதிக்கே வந்தாள். இலுப்பைக்கடவைக்கு வடக்கே தேவன்பிட்டிக் கோயிலில் சில மாதம் இருந்தாள். அந்த ஓகஸ்டில் இந்தக் கடவை முழுவதும் வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த பகுதி தேவன்பிட்டியில் தொடங்கும்.

(தொடரும்)