திரும்பி வரும் வழி

அலாஸ்காவின் உறைந்த மண்ணுக்கடியில் ஆண்டில் ஏழெட்டு மாதங்களைக் கழிக்கும் ஆர்க்டிக் தரை அணிலைப் பற்றி அண்மையில் நிறைய வாசித்தேன். அப்போது அதன் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதை பிரையன் பார்ன்ஸ் 1989-இல் பதிவுசெய்தார். ஆயினும் குருதி உறைவதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை உடல் சூடேறி, ஒரு நாளுக்கும் குறைவான நேரம் இயல்புநிலையில் இருந்து, மீண்டும் குளிர்கிறது. சூடேறிய அப்பொழுதின் பெரும்பகுதியை அது தூங்கியே கழிக்கிறது என்பதுதான் விந்தை. குளிர்காலத் துயில் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; அது துயிலே அன்று போலும்.

இந்த வாசிப்புக்குக் காரணம் அம்மா. அல்சைமர் நோய் அவரைப் பற்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோகிளியாவை 1919-இல் ஸ்பெயின் அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்டேகா தனியே இனங்கண்டார். மெல்லிய கிளைகளை நீட்டி இடையறாது சுற்றுப்புறத்தைத் துழாவும் காவலர்கள் அவை. சிதைந்தவற்றை அகற்றும், வளரும் மூளையில் மிகையான நரம்பிணைப்புகளைக் களையும். அல்சைமரில் தேவையான இணைப்புகளையும் அவை களைந்துவிடக்கூடும் என எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

குளிர்ந்து கிடக்கும் சிரிய ஹாம்ஸ்டரின் மூளையில் இவ்வணுக்கள் தம் கிளைகளைக் குறுக்கிக்கொள்கின்றன. அல்சைமரில் காண்பதை ஒத்த மாற்றம் டௌ என்னும் புரதத்திலும் நேர்கிறது. தரை அணில்களில் நரம்பணுக்களின் கிளைகளும் சுருங்குகின்றன. விழித்ததும் யாவும் விரைவில் பழையபடி திரும்புகின்றன.

'திரும்புகின்றன' என்ற அச்சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். அம்மாவும் ஒரு நீண்ட குளிர்காலத்தில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் தங்கையிடம் தொலைபேசியில் அதை உற்சாகமாகச் சொல்லவும் செய்தேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா ராத்திரியில தூங்குறதே இல்லண்ணா. ரெண்டு நாள் வந்து இருந்து பாரேன்" என்றாள்.

வகுப்பில் உவமையணி நடத்துபவன் நான். பொருந்தாத உவமை ஒன்றுக்குள் சுகமாக ஒதுங்கியிருந்திருக்கிறேன். அணிலின் மூளை திரும்பும் வழியை வைத்துக்கொண்டே ஒடுங்குகிறது. அம்மாவின் மூளையில் அவ்வழி இல்லை.

அந்த வாரமே சென்றேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து வாசற்கதவைத் தள்ளினார். தங்கையைத் தூங்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கூடத்தில் நடந்தேன். நான் யாரென்று அவர் கேட்கவில்லை. கையை விடவும் இல்லை.