தவறும் பட்சத்தில்

அரசாங்கம் வெளியிடும் அறிவிப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது மின்தடை அறிவிப்புதான். எந்த நாள், காலை ஒன்பது மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்தத் தெரு. அவ்வளவுதான். 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' கிடையாது. 'பார்வை 1-இல் காணும்' கிடையாது. படித்தவர்கள் முதல் நாள் இரவே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார்கள், மாவை அரைத்து வைத்துவிடுவார்கள். அந்த நாலு வரிக்கு யாரும் யாரிடமும் போய் விளக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதே நாளிதழில் இரண்டு பக்கம் தள்ளிப் பாருங்கள். நிலம் எடுப்பு அறிவிப்பு, டெண்டர், நீதிமன்ற நோட்டீஸ், வங்கியின் உடைமை அறிவிப்பு என்று பொடி எழுத்தில் அரைப் பக்கம் நிறைந்திருக்கும். வக்கீல் குமாஸ்தாக்களும் ரியல் எஸ்டேட்காரர்களும் தவிர மற்றவர்கள் அதன்மேல் வேர்க்கடலையை வைத்துத் தின்றுவிட்டு எறிந்துவிடுவார்கள். இவற்றிலும் பலவற்றை எழுதியது அரசாங்கம்தான். நாலு வரியில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இங்கே மட்டும் என்ன ஆகிறது?

அதிகாரிகளுக்கு நல்ல தமிழ் வராது என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மின்தடை அறிவிப்பு புரியாமல் போனால் தொல்லை மின்வாரியத்துக்கு. காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும், லைன்மேனை வழிமறித்துக் கேட்பார்கள். பட்டா விசாரணை நோட்டீஸ் புரியாமல் போனால் அலுவலகத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆட்சேபிக்க வேண்டியவர் வரமாட்டார், கோப்பு சீக்கிரம் முடியும். புரியாததால் வரும் நஷ்டம் அலுவலகத்தின் தலையில் விழுந்தால் அறிவிப்பு தானாகத் தெளிவாகிவிடுகிறது. ஜனங்களின் தலையில் விழுந்தால் அது அப்படியே கிடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் இறந்துவிட்டார். கணவருக்கும் அவர் தம்பிக்கும் கூட்டுப் பட்டாவில் கொஞ்சம் நிலம். ஒருநாள் மாலை பழுப்பு உறையும் கையுமாக வந்தவர், உட்காரும் முன்பே, "தம்பி, நிலம் போயிருச்சாப்பா?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மேலே வட்டாட்சியரின் செயல்முறைகள், ந.க. எண், நாள். அடுத்தது பொருள்: நிலம், பட்டா மாற்றம், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, விசாரணை, தொடர்பாக. நடுநடுவே கோடுகள், வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. அதன் கீழே பார்வை: மனுதாரரின் மனு ஒரு நாளிட்டது, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை ஒரு நாளிட்டது. அதற்கும் கீழே பாதிப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தில் தன் கொழுந்தனாரின் பெயரும் புல எண்ணும் 'தனிப்பட்டா' என்ற சொல்லும் ஒன்றாக இருந்ததைப் பார்த்துத்தான் அக்கா பயந்திருக்கிறார். இந்த மாதிரிக் கடிதங்களை நான் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிப்பது. அங்கே இருந்தது: மேற்படி நாளில் உரிய ஆவணங்களுடன் ஆஜராகத் தவறும் பட்சத்தில், தங்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் இல்லை எனக் கருதி, இருக்கும் ஆவணங்களின் அடிப்படையில் உத்தரவு பிறப்பிக்கப்படும்.

"நிலம் எங்கேயும் போகலக்கா. அவரு தன் பங்கைத் தனியாப் பிரிச்சுப் பட்டா கேட்டிருக்காரு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"போகலைன்னா?"

"உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்குவாங்க."

அக்கா கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை முதல்லயே எழுதினா என்னவாம்?"

என்னவாம் என்றால், அந்தக் கடிதம் அக்காவுக்கு எழுதப்பட்டதே இல்லை. பெறுநர் முகவரி அவருடையது, படிக்கப்போகிறவர்கள் வேறு. நாளைக்கு மேல்முறையீடு என்று வந்தால் கோட்டாட்சியர் படிப்பார், வழக்கானால் நீதிபதி படிப்பார். 'உரிய வாய்ப்பு அளிக்கப்பட்டது' என்று அவர்களிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும். எழுதிய உதவியாளரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. பழைய கோப்பில் இருந்த மாதிரியைப் பார்த்துத்தான் அவர் எழுதியிருப்பார். அந்த மாதிரிக்கு அதற்கும் முந்தைய கோப்பு. சட்டப்பிரிவு எண்ணை விட்டுவிட்டு நல்ல தமிழில் அவர் எழுதி, அதைக் காரணம் காட்டி யாராவது தடை வாங்கினால், மெமோ அவருக்குத்தான் வரும். ஆனாலும் பிரிவு எண்ணை வைத்துக்கொண்டே முதல் வரியில் 'இன்ன நாள் வாருங்கள், வராவிட்டால் இன்னது நடக்கும்' என்று எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

வினையே இல்லாத அந்தத் தலைப்பகுதியிலும் நமக்கு வேண்டியவை இருக்கின்றன. ந.க. எண்ணில் 'ஆ3' என்பதுபோல் ஓர் எழுத்தும் எண்ணும் நிற்கும். அலுவலகத்தில் எந்த இருக்கையில் அந்தக் கோப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். "பட்டா விஷயமா வந்தேன்" என்றால் மாடிக்கும் கீழுக்கும் அலைய வேண்டும், "ஆ3-ல யாருங்க?" என்றால் கை காட்டுவார்கள். பார்வை என்பதில் வரிசையாக இருப்பவை, நம் விஷயத்தில் நமக்குத் தெரியாமல் ஏற்கெனவே பேசி முடித்தவர்களின் பட்டியல். வி.ஏ.ஓ. என்ன அறிக்கை கொடுத்திருக்கிறார் என்று பார்க்காமல் விசாரணைக்குப் போவதில் அர்த்தமே இல்லை. அக்கா வியாழக்கிழமை தன் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகலில் நாளும் முத்திரையும் போட்டு வாங்கி வந்தார். வாயால் சொன்னது கோப்பில் ஏறும் என்று நம்பக் கூடாது.

நோட்டீஸ் என்றாலே வாங்காமல் திருப்பி அனுப்புகிற ஒரு ரகம் உண்டு. கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே மாட்டிக்கொள்வோம் என்பது அவர்கள் கணக்கு. வக்கீல்கள் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் என்று சொல்லும் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அந்தக் கணக்கை எப்போதோ தீர்த்துவிட்டது. தபாலில் அனுப்பச் சட்டம் சொல்லும் இடத்தில், சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டாலே கடிதம் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். சேரவில்லை என்றால் அதைப் பெறுநர்தான் நிரூபிக்க வேண்டும். தபால்காரர் 'வாங்க மறுப்பு' என்று எழுதித் திருப்பினால், அந்த எழுத்தே நோட்டீஸ் கொடுத்ததற்குச் சாட்சி. வாங்க மறுத்தவருக்கு நஷ்டம் இரட்டிப்பு. உள்ளே என்ன இருந்தது என்றும் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் முடியாது.

தண்டோரா போட்ட காலம் ஒன்று இருந்தது. பறையடித்துச் சொல்லும் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022-இல் தமிழக அரசின் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். நிறுத்தியது சரிதான். ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியம் அது. ஒலிபெருக்கி வந்த பிறகும் நீடித்தது வெட்கக்கேடு. தண்டோராவின் வாசகத்தை மட்டும் யாராவது எடுத்து வைத்திருக்கலாம். இன்ன கிழமை, இன்ன இடம், இன்ன காரியம், வராவிட்டால் இன்னது. தெருமுனையில் நின்று கத்துகிறவனுக்கு 'பார்வை' சொல்ல மூச்சு போதாது.

நிலம் எடுப்பில் விஷயம் இன்னும் கடுமை. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் முதல் அறிவிப்பு 3ஏ. இன்ன ஊரில் இன்ன புல எண்ணில் இவ்வளவு நிலம் எடுக்க உத்தேசம் என்று அரசிதழில் வரும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஆட்சேபிக்க 3சி பிரிவு கொடுப்பது அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாள். அது கடந்து 3டி அறிவிப்பு வந்துவிட்டால், வில்லங்கம் எதுவும் இல்லாமல் நிலம் அரசைச் சேர்ந்துவிடும். பிறகு பேச்செல்லாம் இழப்பீடு எவ்வளவு என்பதுதான்.

அந்த 21 நாளுக்குள் ஒருவர் செய்ய வேண்டியதை யோசித்துப் பாருங்கள். அன்றைய பேப்பரை வாங்கியிருக்க வேண்டும். பொடி எழுத்து அட்டவணையில் தன் கிராமத்தைத் தேட வேண்டும். கொல்லிக்காடு, மேட்டுக்காடு என்று சொல்லிப் பழகிய நிலத்துக்குப் புல எண் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். பரப்பளவு ஹெக்டேரில் இருக்கும். பட்டாவில் 0 - 12.50 என்றால் 12.50 ஏர், அதாவது கிட்டத்தட்ட 31 சென்ட் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். அட்டவணை கேட்பது சர்வேயரின் அறிவை. கெடு வைத்திருப்பது விவசாயிக்கு.

சேலம் - சென்னை எட்டு வழிச் சாலை விவகாரத்தில் ஊர் ஊராகக் கல் நட்டபோதுதான் பலருக்கு 3ஏ என்ற சொல்லே அறிமுகம். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் அதை வைத்து வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றியது செல்லாது, பழையபடி உரிமையாளர் பெயருக்கே மாற்றுங்கள் என்றும் சொன்னது. தீர்ப்பு வந்த அன்று சிலர் வென்றோம் என்றார்கள், சிலர் தோற்றோம் என்றார்கள். உத்தேசம் வேறு, நிலம் கைமாறுவது வேறு என்று அந்த முதல் அறிவிப்பிலேயே கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தால், நிலத்துக்காரர்கள் அத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க வேண்டாம். அதிகாரிகளும் அவசரப்பட்டுப் பெயர் மாற்றுவதற்கு முன் ஒருமுறை யோசித்திருப்பார்கள்.

மொழிபெயர்த்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் 2020 வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. மீன்பிடிக் குப்பத்தையும் மலைக்கிராமத்தையும் நேராகத் தொடுகிற விதிகள் அவை. எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலெல்லாம் வெளியிடுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. வரவேற்க வேண்டிய உத்தரவுதான், மொழி முதல் படி என்பதால். ஆனால் உட்கூறுக்குள் உட்கூறாகப் போகும் ஒரு வரைவைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் கடற்கரையில் இருப்பவருக்கு என்ன தெரியப்போகிறது? இந்த விதியால் உங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமா நடக்காதா, அதை அல்லவா அவருக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தை நாம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேள்வி கேட்கும் சட்டமாகவே தெரிந்து வைத்திருக்கிறோம். அதன் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. தகவலை மக்களுக்கு எளிதில் கிடைக்கும்படி பரப்ப வேண்டும். வட்டார மொழியைக் கணக்கில் கொள்ள வேண்டும். நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். இதில் கடைசியைத்தான் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. ஆனாலும் நோட்டீஸ் புரியவில்லையென்றால் 'இது ஏன்' என்று மனுப் போடாதீர்கள். 'இந்த நோட்டீஸுக்கு அடிப்படையான உத்தரவு, அறிக்கை ஆகியவற்றின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தராமல் தப்பிக்கலாம். கோப்பில் இருக்கும் காகிதத்தை அப்படிச் சுலபமாக மறுக்க முடியாது. பதிலுக்கு 30 நாள். உயிரோ தனிமனிதச் சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 48 மணி நேரம். என்ன, விசாரணை பத்து நாளில் இருக்கும்போது முப்பது நாள் காத்திருக்க முடியாது. அப்போது நேரில் போய், நகல் கிடைக்கும்வரை விசாரணையைத் தள்ளி வைக்கும்படி எழுதிக் கொடுப்பதுதான் வழி.

எளிய தமிழில் விளக்கும் துறை என்று ஒன்று நம்மிடம் இருக்குமானால், அது திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக வாசலில், மரத்தடியில், மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறது. மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கு இரண்டு வேலை. உள்ளேயிருந்து வந்த காகிதத்தை வெளியே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும்; வெளியே இருப்பவர் அழுதுகொண்டே சொல்வதைப் 'பொருள்', 'பார்வை' போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். நல்ல கைக்காரர் ஒருவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், எது முக்கியம் என்று பிடிபட்டுவிடும்.

அப்படி ஒருவர், நீட்டிய உத்தரவைப் படிக்கக்கூட இல்லை. "கவரு எங்கம்மா?" என்றார்.

"கவரு எதுக்குங்கய்யா? கிழிச்சுப் போட்டுட்டேன்."

"உத்தரவுல மூணாம் தேதி போட்டிருக்கு. எப்ப வந்துச்சு உங்க கைக்கு?"

"போன வாரந்தான்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். மேல்முறையீட்டுக்கான நாள் பல சட்டங்களில் உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். கையெழுத்தான காகிதம் மேசையில் இரண்டு வாரம் கிடந்துவிட்டுத் தபாலுக்குப் போவது ஒன்றும் அதிசயமில்லை. அந்த இரண்டு வாரத்துக்கு நம் கையில் இருக்கும் சாட்சி உறைமேல் விழுந்த தபால் முத்திரை மட்டும்தான். "சரி, போஸ்ட் ஆபீஸ்ல போயி, என்னைக்கு டெலிவரி ஆச்சுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. ரெஜிஸ்தர் தபால்தானே, கணக்கு இருக்கும்" என்று சொல்லி, உத்தரவைப் பின்பக்கம் திருப்பிக் கடைசி வரியில் விரலை வைத்தார். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்று அங்கேதான் இருந்தது.