வேலை மட்டும் என்னுடையது

கீமோ தொடங்கப்போகிறது என்று தெரிந்தால் போதும், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் வைத்தியராகிவிடுவார்கள். ஒருவர் முள்சீத்தா இலையோடு வருவார், இன்னொருவர் கருஞ்சீரகத்தோடு. வெறுங்கையோடு வருபவர் "தைரியமா இரும்மா" என்பார். என் மனைவிக்குச் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்று தெரிந்த வாரத்தில் எங்கள் வீடும் இப்படித்தான் இருந்தது.

அவளுடைய அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "மாப்ளே, அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். சாதாரணக் கட்டின்னு சொல்லிச் சமாளிச்சிடலாம்." பாசத்தில் சொன்னதுதான். நம் ஊரில் பல வீடுகளில் நடப்பதும் இதுதான். ரிப்போர்ட்டைப் புருஷன் வாங்குவான், டாக்டரிடம் அண்ணன் பேசுவான், நோயாளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சீட்டுப் பணம் முதல் மகளின் காலேஜ் ஃபீஸ் வரை கணக்குப் போட்டு வீட்டை நடத்துகிறவளிடம், அவள் உடம்பைப் பற்றியே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் அறைக்கு அவளையும் அழைத்துப் போனேன்.

அவளே கேட்டாள். "இது குணமாகுமா டாக்டர், இல்ல தள்ளிப் போடறதா?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "முழுசாப் போயிடும்னு உறுதி சொல்ல முடியாதும்மா. மூணு சைக்கிள் கொடுத்துச் சுருங்க வைப்போம், ஆபரேஷன் பண்ணுவோம், மறுபடி மூணு. திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கு. வந்தா அப்பவும் மருந்து இருக்கு."

வெளியே வந்து அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்று பட்டியல் போட்டாள். சொல்லக் கூடாத வரிசையில் முதல் பெயர் என் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. நோய் அவளுடையது, முடிவும் அவளுடையது, வேலை மட்டும் என்னுடையது என்று அன்றைக்கே வைத்துக்கொண்டேன்.

வேலைக்கா பஞ்சம்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ். ஆஸ்பத்திரி சான்றிதழ் இருந்தால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதே ஒரு நாள் வேலை. முள்சீத்தாக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, "டாக்டரைக் கேட்காம எதுவும் கொடுக்கறதில்லை" என்று பொல்லாப்பு ஏற்பதும் என் பங்குதான்.

பேக்ளிடாக்ஸெல், கார்போபிளாட்டின் என்று இரண்டு மருந்துகள், 21 நாளைக்கு ஒருமுறை. டிரிப் ஏறுவது ஒரு பகல். மற்ற நாட்கள் வீட்டில்தான். முதல் ராத்திரி அவள் தூங்கவே இல்லை. மருந்துக்கு முன்னால் போடும் ஸ்டீராய்டு தூக்கத்தை விரட்டும். நடுநிசியில் மளிகை டப்பாக்களை இறக்கித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கை கால் எல்லாம் அடித்துப் போட்டது போல் வலி. கடுகு தாளிக்கும் வாசனைக்கே குமட்டியது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இரும்பாக ருசிக்கிறது என்றாள், கண்ணாடி டம்ளருக்கு மாறினோம். எந்த நாள் எது வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த சைக்கிளுக்கு டாக்டர் வாந்தி மாத்திரையை மாற்றிக் கொடுத்தது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

இரண்டாவது வாரத்தில் வெள்ளையணுக்கள் தரை தட்டும். அப்போது 100.4 டிகிரி ஜுரம் வந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டோலோ போட்டுப் படுத்தால் ஜுரம் அடங்கும், கிருமி அடங்காது. இதைக் கேட்ட அன்றே அவள் சொல்லியிருந்தாள்: "ஜுரம் வந்தா மட்டும் என் பேச்சைக் கேட்காதீங்க." சொன்னபடியே ஒரு ராத்திரி வந்தது. "விடியட்டுங்க, போகலாம்" என்று கெஞ்சினாள். ஆட்டோவைக் கூப்பிட்டேன். மறுநாள் ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் என்னோடு பேசினாள். முடிவு அவளுடையது என்பதில் இதுவும் அடக்கம். தெளிவாக இருந்தபோது அவள் எடுத்த முடிவைக் காப்பாற்றித் தருவது.

முடி கொட்டும் என்று தெரிந்ததுமே, கொத்துக் கொத்தாகப் போகும்வரை காத்திருக்க மாட்டேன் என்று தானே போய் எடுத்துவிட்டு வந்தாள். தெருவில் "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்டவர்களிடம் கூசாமல் "திருப்பதி" என்றாள். மருந்து ஏற ஏற விரல் நுனி மரத்துப்போய், ஜாக்கெட் கொக்கி பிடிபடவில்லை. நான் மாட்டிவிட்டேன். முதல் நாள் தப்பான ஓட்டையில் மாட்டி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இருபத்து மூணு வருஷமா அவுக்க மட்டும்தான் தெரியும்" என்றாள். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அதற்குத்தான்.

முதல் சைக்கிளின்போதே எங்களைப் பாலியேட்டிவ் கேர் பிரிவுக்கும் அனுப்பினார்கள். "அது கடைசியில போற இடமாச்சே" என்று மச்சான் கலங்கிப்போனார். அப்படி இல்லை. வலி, மலச்சிக்கல், தூக்கம், பயம் இவற்றைப் பார்க்கும் இடம் அது. 2010-ல் பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் செய்த ஆய்வு வெளியானது. தொடக்கத்திலிருந்தே இந்தக் கவனிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது, ஆயுளும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடியிருந்தது. அங்கே போய் வந்த பிறகுதான் அவள் மலச்சிக்கலைப் பற்றி வாய் திறந்தாள். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள்.

ஆறு சைக்கிளும் ஆபரேஷனும் முடிந்து, இப்போது சிஏ-125 ரத்தப் பரிசோதனையோடு செக்கப் போய்வருகிறோம். திரும்பி வரலாம் என்பது இருவருக்கும் தெரியும். அடுத்து மருந்து எடுப்பதா, போதும் என்பதா என்று அவளிடம் ஒரு யோசனை இருக்கிறது, அதை மகளுக்கும் சொல்லிவிட்டாள்.

"அடுத்த வாரம் வீட்டம்மாவுக்குக் கீமோ, என்ன செய்யட்டும்?" என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் வாங்குங்கள். ராத்திரி எந்த நேரத்திலும் கூப்பிடக்கூடிய ஆஸ்பத்திரி நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள். மற்றதை உங்கள் வீட்டம்மாவிடமே கேளுங்கள்.