ரிட்டயர் ஆனதும் ஒரு ஆல்பம்

எங்கள் வீட்டில் ‘ரிட்டயர் ஆனதும்...’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அதிகம். ரிட்டயர் ஆனதும் காசிக்குப் போகணும். ரிட்டயர் ஆனதும் பரணைக் காலி பண்ணணும். இவற்றில் மிகப் பழையது அண்ணாவுடையது. ‘ரிட்டயர் ஆனதும் ஒரு ஆல்பம் போடணும்.’ இதை அவன் முதன்முதலாகச் சொன்னபோது பேங்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை!

அண்ணா எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பான். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், அம்மா வீணை வாசித்த அதே கூடத்தில்தான் அவனுடைய சாதகமும். எண்பதுகளின் தொடக்கத்தில் மெல்லிசைக் குழுக்களோடு போய் கல்யாண ரிசப்ஷன்களில் வாசிப்பான். கையில் வரும் காசு மவுன்ட் ரோடு ‘மியூஸி மியூசிக்க’லில் கம்பி வாங்கவே சரியாக இருக்கும். அப்பா அந்தக் கிடாரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அந்தச் சாமான்’ என்றுதான் சொல்வார்.

அம்மாவுக்கு எதிர்ப்பு இல்லை. சந்தேகம் மட்டும் இருந்தது. ஒருநாள் அண்ணா தோடியைக் கிடாரில் வாசித்துக்காட்டினான். ‘ஸ்வரமெல்லாம் இருக்குடா. காந்தாரம்தான் ஆடவே மாட்டேங்கறது’ என்றாள். அவன் முகம் சுருங்கிப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். வீணையில் அதையே மெட்டு என்கிறோம். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக உட்கார்ந்திருக்கும். தந்தியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் நின்றபடி இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுவிடலாம். கமகம் பிறப்பது அங்கேதான். கிடாரிலோ மெட்டுக்குக் கீழேயே மரப்பலகை. விரல் அதில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். தந்தியை ஓரளவு இழுக்கலாம், வீணை மாதிரி ஊஞ்சலாட்டுவது கஷ்டம்.

இந்தக் கஷ்டத்துக்கு விடை ஒரு கேசட்டில் வந்தது. கல்லூரி நண்பன் யாரோ பதிந்து கொடுத்தது. மேலே பால்பாயின்ட் பேனாவில் ‘சக்தி’ என்று எழுதியிருந்தது. அண்ணா அதை டேப் ரெக்கார்டரில் போட்டான். கடம், தபலா, வயலின், கூடவே ஒரு கிடார். அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

‘யாருடா இது?’

‘ஜான் மெக்லாலின். இங்கிலீஷ்காரர்.’

‘இவனுக்கு வீணை தெரியும்டா. இழுக்கறான் பாரு.’

அம்மாவுக்கு அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வராது. ஆனால், காது பொய் சொல்லவில்லை. 1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த மெக்லாலின், எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டவர். நம்மூர் சங்கீத கலாநிதி ராமநாதன்தான். பல வருடங்கள் கழித்து ஒரு பத்திரிகையில் இதைப் படித்த அண்ணா, அம்மாவிடம் ஓடிவந்து வாசித்துக் காட்டினான். ‘அதான் அன்னிக்கே சொன்னேனே’ என்று சொல்லிவிட்டு அம்மா கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள்.

மெக்லாலினைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ஆல்பங்களில் வாசித்தவர். டேவிஸ் தன் ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பத்தில் ஒரு இசைத்துண்டுக்கு ‘ஜான் மெக்லாலின்’ என்றே பெயர் வைத்தார். 1971-ல் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ தொடங்கினார். இது ஜாஸின் கணக்கும் ராக்கின் சத்தமும் சேர்ந்த கூட்டணி, அரங்கமே அதிரும். அந்தப் புகழின் உச்சியில் நின்றவர், அடுத்த சில வருடங்களில் பெருக்கிகளை ஓரம்கட்டிவிட்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்து கடத்துக்கும் வயலினுக்கும் பக்கத்தில் சாதாரண அக்கூஸ்டிக் கிடார் வாசிக்க ஆரம்பித்தார். அதுதான் ‘சக்தி’. வயலின் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகீர் உசேன். முதல் ஆல்பத்தில் மிருதங்கத்துக்கு ராம்நாடு ராகவன்.

‘சாதாரண’ கிடார் என்றேன், அது சரியில்லை. ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காகவே செய்த கிடார் அது. மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். விரலுக்குக் கீழே மரம் இடிக்காது, வீணை மாதிரி இழுக்கலாம். கூடவே குறுக்காக ஏழு சுருதித் தந்திகள். இதைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட அண்ணா, மந்தைவெளியில் ஒரு தச்சரிடம் தன் கிடாரைக் கொடுத்து ‘இங்கெல்லாம் கொஞ்சம் தோண்டிக் கொடுங்க’ என்று கேட்டான். அவர் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்கிற பொருளை ஏன் தம்பி...’ என்றார். கடைசியில் உப்புத்தாள் வைத்து அண்ணாவே தேய்த்தான். மூன்று மாதம். கூடமெல்லாம் மரத்தூள். அதன் பிறகு காந்தாரம் ஆடியது. நிறைய இல்லை, கொஞ்சம்.

அந்தக் கிடாருக்காக அவன் எட்டு மெட்டுகள் எழுதினான். ஒரு நீல அட்டை நோட்டில் ஸ்வரமும் ஆங்கிலக் குறிகளும் கலந்த அவனுடைய சொந்த மொழியில். அதற்குள் பேங்க் வேலை வந்துவிட்டது. பிறகு கல்யாணம், மாற்றல், பெண் படிப்பு. நோட்டு மட்டும் எல்லா ஊருக்கும் போய்த் திரும்பி வந்தது.

சக்தியும் 1977-ல் மூன்றாவது ஆல்பத்தோடு நின்றுபோயிருந்தது. இருபது வருடம் கழித்து ‘ரிமெம்பர் சக்தி’ என்று மறுபடி கூடினார்கள். அதில்தான் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். எண்பதுகளில் தி.நகர் வாணி மகாலில் டிசம்பர் கச்சேரிக்கு அம்மாவோடு நாங்கள் போயிருக்கிறோம். மேடையில் சின்னப் பையன், கையில் அதைவிடச் சின்ன வாத்தியம். எட்டுத் தந்தி மாண்டலினை ஐந்து தந்தியாக்கி, மின்சாரம் கொடுத்து, அதில் கர்னாடக சங்கீதத்தை முழுசாகப் பாடவைத்தவர் அவர். அன்று அண்ணா கச்சேரி முழுக்க அந்த இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். மெட்டு வைத்த வாத்தியத்தில் எல்லாமே முடியும் என்பதற்குச் சாட்சி கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது!

மெக்லாலினுக்கு 65 வயதானபோது, 2007 ஏப்ரலில், அவர் தன் பெயரில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்.’ எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்! ஏப்ரல் மாதச் சென்னையை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அவர் தேடி வந்த ஆட்கள் அப்படி. டிரம்ஸ் ரஞ்சித் பரோட், கீபோர்டு லூயிஸ் பேங்க்ஸ், புல்லாங்குழல் சஷாங்க், தாளவாத்தியம் சிவமணி, ஸ்ரீநிவாஸின் தம்பி யூ.ராஜேஷ், குரலுக்கு சங்கர் மகாதேவன். 2008-ல் வெளிவந்து கிராமி பரிந்துரைப் பட்டியல்வரை போனது.

உண்மையைச் சொன்னால், அந்த ஆல்பத்தில் அவருடைய கிடார் ஒலி எனக்குப் பிடிக்காது. பல இடங்களில் சின்தசைஸரோடு இணைத்து வாசிக்கிறார். கிடாரா, ஊதுகுழலா என்று குழப்பம் வரும். அண்ணாவுக்கும் எனக்கும் இதில் பலமுறை சண்டை. ஆனால், ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தன் பெயர் போட்ட ஆல்பத்தில் அவர் அடுத்தவர்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் ரொம்பப் பெரியது. தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்குக் கிளம்புகிற ரசிகர்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்த மனிதர் தன் மகன் வயதுக்காரர்கள் வாசிக்கும்போது ஒதுங்கி உட்கார்ந்து கேட்கிறார், பிறகு அவர்கள் விட்ட இடத்தில் இருந்து எடுக்கிறார்.

அதே 2007-ல் இன்னொன்றும் செய்தார். விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் கற்றுத்தரும் டிவிடி. ‘தகதிமி’யை மெக்லாலின் கையில் தாளம் போட்டு விளக்குவார். (‘வெண்ணிலா கபடிக்குழு’ படத்துக்கு இசையமைத்தாரே, அதே செல்வகணேஷ்தான்.) மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த என் அண்ணா, ஒரு யார்க்‌ஷயர்காரரின் டிவிடியைப் பார்த்து நாற்பத்தைந்து வயதில் கொன்னக்கோல் கற்றுக்கொண்டான். ‘நாலு தெரு தள்ளி வித்வான் இருக்கார், அவர்கிட்ட போகப்படாதா?’ என்று அம்மா கேட்டாள். ‘அவர்கிட்ட ரீவைண்ட் பண்ண முடியாதேம்மா’ என்றான்.

2014 செப்டம்பர் 19. ஸ்ரீநிவாஸ் போய்விட்டார். 45 வயது. அன்று சாயங்காலம் அண்ணா வெளியூரில் இருந்து போன் செய்தான். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மெக்லாலினும் களைத்துப்போயிருப்பார் என்றுதான் நினைத்தோம். விரல் மூட்டுவலி பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருந்தார். 2017-ல் அமெரிக்காவில் விடைபெறும் பயணம் என்று சொல்லியே வாசித்தார். ஆனால், 2020-ல் சங்கர் மகாதேவன், ஜாகீர் உசேனோடு ‘இஸ் தட் சோ?’, 2021-ல் ‘லிபரேஷன் டைம்’ என்று வரிசையாக வந்தன. 2023 ஜூனில் ‘திஸ் மொமன்ட்’. 46 வருடங்களுக்குப் பிறகு சக்தி பெயரில் ஒரு புது ஸ்டூடியோ ஆல்பம்! கொரோனா காலத்தில் பெரும்பகுதியை அவரவர் ஊரில் இருந்தபடியே பதிவு செய்து கோத்தார்கள். சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், ஜாகீர், வயலினுக்கு நம்ம கணேஷ்-குமரேஷ் கணேஷ். 2024 பிப்ரவரியில் கிராமி விருது. மெக்லாலினுக்கு அப்போது 82 வயது.

புதிதாகக் கேட்பவர்கள் அதில் ‘ஷ்ரீனிஸ் ட்ரீம்’ என்பதில் இருந்து தொடங்குங்கள். ஸ்ரீநிவாஸின் நினைவுக்கானது. ஹெட்போன் இருந்தால் நல்லது.

நாங்கள் அதை அம்மாவோடு உட்கார்ந்து கேட்டோம். அம்மாவுக்கு இப்போது 87. வலது காது கிட்டத்தட்ட போய்விட்டது. இடது காதில் மெஷின். அண்ணா போனை அந்தக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா, ‘நீ எப்போடா போடப்போறே?’ என்றாள். அண்ணா ரிட்டயர் ஆகி அப்போதே ஒரு வருடம் தாண்டியிருந்தது. அவனுக்கும் காலையில் இடது கை மோதிர விரல் மடங்குவதில்லை. வெந்நீரில் வைத்து, பிசைந்து, பத்து மணிக்கு மேல்தான் கிடாரைத் தொட முடிகிறது. ‘கை சரியாகட்டும்மா’ என்றான். சரியாகாது என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

2024 டிசம்பர் 15-ம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் ஜாகீர் உசேன் மறைந்தார். இங்கே சீசன் நடந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் சபா, ஊரெல்லாம் அதே பேச்சு. சக்தி அடுத்து என்ன வாசிக்கும் என்று காத்திருந்தவனுக்கு அது பெரிய அடி. பொங்கல் முடிந்ததும் அண்ணா அந்த நீல நோட்டை எடுத்தான். சில பக்கங்களில் இங்க் பரவி, எழுதியது அவனுக்கே புரியவில்லை. எட்டில் மூன்று வேகமான மெட்டுகள்; அந்த விரலால் இனி முடியாது. அவற்றைப் பேனாவால் அடித்தான். நான் பக்கத்தில் இருந்தேன். அடித்துவிட்டு, ‘இருபத்தஞ்சு வயசுக்காரன் எழுதினது, அவனே வாசிக்கட்டும்’ என்றான்.

ஐந்து மிஞ்சின. தி.நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோ, மணிக்கணக்கு வாடகை. இதுவரை இரண்டு பதிவாகிவிட்டன. ஒலிப்பதிவு செய்யும் பையனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. முதல் மெட்டில் ஓர் இடத்தில் அண்ணாவின் விரல் வழுக்கி ஸ்வரம் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. ‘கம்ப்யூட்டர்லயே நிமித்திடலாம் அங்கிள்’ என்றான் பையன். அண்ணா வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி வாசித்தான். பதினோரு தடவை. பதினோராவதைவிட நாலாவது தேவலை என்று நாலாவதையே வைத்துக்கொண்டான்.

இரண்டாவது தோடி. அதை அம்மாவுக்கு வீட்டில் போட்டுக்காட்டினோம். மெஷினைச் சரிசெய்து, கண்ணை மூடி, முழுசாகக் கேட்டாள். ‘காந்தாரம் பரவால்லடா’ என்றாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த விமர்சனத்தில் இது முதல் முன்னேற்றம்!

மூன்றாவதற்கு வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டூடியோ சொல்லியிருக்கிறான். தானும் வருகிறேன் என்று அம்மா பிடிவாதம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போக என் மகனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். படி ரொம்பக் குறுகல், அதனால் முந்தின நாளே போய் நாற்காலி திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.