அம்மாவுக்கு ஒரு ட்யூனர்!

உங்க வீட்டுல டிவி ஒண்ணுதானா? அப்போ இது உங்களுக்கும்தான் பாஸ்!

மேற்குத் தாம்பரத்துல எங்க வீட்டு நிலவரம் இது. ஐபிஎல் வந்துட்டா ரெண்டு மாசத்துக்கு ராத்திரி ஏழரைக்கு மேல டிவி, அப்பாவுக்கும் தம்பிக்கும் சொந்தம். அம்மா பார்க்கிற ரெண்டு சீரியலும் கரெக்டா அந்த நேரத்துலதான் வரும். "பரவால்ல, நீங்க பாருங்க"னு சொல்லிட்டு சப்பாத்தி மாவைக் கையில எடுத்துடுவாங்க. மொபைல்ல பார்க்கலாம்தான். ஆனா கண்ணாடி போட்டாலும் அந்தத் திரை அவங்களுக்குச் சின்னது. நாள் முழுக்க கடையில கணக்கு எழுதிட்டு வர்றவங்களுக்கு, காலை நீட்டி டிவி முன்னாடி உட்கார்றதுதானே ஓய்வு?

நான் படிக்கிறது ஈசிஇ. ஒரு சேனலைப் பார்த்துக்கிட்டே இன்னொண்ணைப் பதிவு பண்ண ரெண்டு டிவி தேவையில்ல, ரெண்டு ட்யூனர் போதும். வர்ற சிக்னல் கூட்டத்துலேர்ந்து நாம கேட்ட சேனலைப் பிடிச்சுத் தர்ற பகுதிதான் ட்யூனர்.

அப்பா காலத்துல இது ஈஸி. ஒரே கேபிள் ஒயர்ல எல்லா சேனலும் வரும். அதை விசிஆர்ல செருகி, அங்கேர்ந்து டிவிக்கு இழுப்பாங்க. ரெண்டுக்குள்ளயும் ஆளுக்கொரு ட்யூனர். விசிஆர் ஒரு சேனலைக் கேசட்ல ஏத்தும், டிவி வேற சேனலைக் காட்டும். இப்படிப் பதிவு பண்றது குத்தமானு அமெரிக்காவுல கேஸே நடந்திருக்கு! சோனியோட பீட்டாமேக்ஸுக்கு எதிரா ஹாலிவுட் கம்பெனிகள் போனாங்க. வீட்டுல அப்புறமா பார்க்கிறதுக்குப் பதிவு பண்றது தப்பில்லைனு 1984-ல அந்த ஊர் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 கணக்குல தீர்ப்பு சொல்லிடுச்சு.

நம்ம சென்னையில 2003 செப்டம்பர்ல, கட்டணச் சேனலுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம்னு ஆச்சு. பின்னாடியே டிடிஎச், டிஜிட்டல் கேபிள். படம் பளிச்! ஆனா சேனலைப் பிடிக்கிற வேலை டிவிகிட்டேர்ந்து பாக்ஸுக்குப் போயிடுச்சு. சாதாரண பாக்ஸ்ல ட்யூனர் ஒண்ணுதான். ஒயரை எப்படி மாத்திச் செருகினாலும் விசிஆருக்கும் டிவிக்கும் ஒரே சேனல்தான். 2008-ல வந்த டாடா ஸ்கை ப்ளஸ்ஸுல ரெண்டு ட்யூனரும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே இருந்துச்சு.

அந்த மாதிரி ஒரு ரெக்கார்டர் பாக்ஸ், இன்டர்நெட்டுக்கு மாறிட்ட மாமா வீட்டுலேர்ந்து போன வருஷம் எங்களுக்கு வந்துச்சு. கனெக்ஷன் கொடுக்க வந்தவர், மாடியிலேர்ந்து இறங்குற ஒரே ஒயர்ல ஸ்பிளிட்டர் மாட்டிட்டுக் கிளம்பிட்டார். மேட்ச் ஓடினா சீரியல் பதிவாகல. 'நோ சிக்னல்'!

ஏன்? டிஷ் தலையில இருக்கிற எல்என்பிக்கு, பாக்ஸ் அதே ஒயர்லதான் மின்சாரம் அனுப்பும். 13 வோல்ட் போனா ஒரு வகை அலையை எடுக்கும், 18 வோல்ட் போனா இன்னொரு வகை. ரெண்டு ட்யூனரும் ஒரே ஒயர்ல வேற வேற கேட்டா? ஒரே பஸ்ஸைக் கிண்டிக்கும் செங்கல்பட்டுக்கும் ஒரே நேரத்துல ஓட்டச் சொன்ன கதைதான். ரெண்டு வாய் இருக்கிற எல்என்பி, தனித்தனியா ரெண்டு ஒயர். இதான் மருந்து. ஒரு ஞாயித்துக்கிழமை தம்பியும் நானும் மொட்டை மாடியேறி இழுத்து முடிச்சோம்.

இப்போ அம்மா மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு சீரியல் பார்க்கிறாங்க. விளம்பரம் வந்தா ரிமோட்ல ஓட்டித் தள்றாங்க! நான் எதிர்பார்க்காதது வேற ஒண்ணு. சீரியல் பத்திரமா பதிவாகுதுங்கிற நிம்மதியில, மேட்ச் நேரத்துல அவங்களும் எங்க பக்கத்துல வந்து உட்கார்ந்து, "ஸ்கோர் என்னடா?"ங்கிறாங்க.

நீங்களும் இறங்குறீங்கன்னா மூணு விஷயம். டிஜிட்டல் கேபிள்னா ரெண்டு ட்யூனருக்கும் ஸ்பிளிட்டர் போதும், சாதாரண டிஷ்னா ட்யூனருக்கு ஒரு ஒயர் வேணும். பென் டிரைவ் செருக இடம் இருந்தா மட்டும் ஏமாந்துடாதீங்க, ட்யூனர் எத்தனைனு கேளுங்க. பதிவானது பெரும்பாலும் அதே பாக்ஸ்லதான் ஓடும், லேப்டாப்ல திறக்காது.

எல்லாம் மாட்டி முடிச்சதும், உங்க வீட்டுல இதுவரைக்கும் ரிமோட்டே கேட்காதவங்க யாருன்னு பாருங்க. முதல் ரெக்கார்டிங் அவங்களோடதா இருக்கட்டும்!