மெய்நிகர் ஆய்வகமும் மெய்யான மதிப்பீடும்

மாணவன் கற்றானா என்று அறிய மதிப்பெண் ஒன்றே போதுமா? வினா பழையதே, எனினும் கல்விக்கூடம் கணினித் திரைக்குள் குடிபுகுந்த இந்நாளில் அது புதுக் கூர்மை பெற்றுள்ளது. பிழைப்பு நாடி வந்து சந்தாபுராவில் வாழும் எம்மனைய தமிழ்க் குடும்பங்களில், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பிள்ளைகள் வீட்டிலிருந்தே பயின்றனர். பள்ளிகள் பின்னர்த் திறந்தன. திரைவழிக் கல்வியோ அகலவில்லை.

அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக் நிறுவனமும் இணைந்து பள்ளி மாணவர்க்கென அமைத்த 'ஓலேப்ஸ்' என்னும் மெய்நிகர் ஆய்வகம் இதற்குத் தக்க சான்று. கோட்பாடு, செய்முறை, அசைபடம், மாணவன் தானே இயக்கும் பாவனைச் சோதனை, கற்றதை அளக்கும் வினாக்கள் எனப் படிப்படியாய் அது வகுக்கப்பட்டுள்ளது. ஆய்வுக்கூடமில்லாப் பள்ளிக்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

திரையில் பியூரெட் உடைவதில்லை. அமிலம் கையைச் சுடுவதில்லை. ஒரு துளி மிகுந்தாலும் ஒரு தட்டலில் மீண்டும் தொடங்கலாம். அச்சம் நீங்குவது நன்றே. ஆனால் காரணம் அறியாமலே, பத்து முறை தட்டிப் பார்த்து, சரியான விடையை எட்டிவிடவும் கூடுமன்றோ?

விமானிகளைப் பயிற்றுவித்தோர் இதனை முன்னரே உணர்ந்தனர். எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பாவனைப் பொறி பின்னர் வளர்ச்சியுற்றபோது, மாணவன் 'பறந்த' வழி முழுவதையும் ஆசிரியரின் மேசைமீதிருந்த வரைபடத்தில் மைக்கோடாக வரைந்து காட்டியது. சேர்ந்த இடம் மட்டுமன்று, சென்ற தடமும் ஆராயப்பட்டது. எம் அலுவலகக் கோப்பிலும் ஆணை மட்டும் போதாது. அதற்கு வழிகோலிய குறிப்புப் பக்கங்களும் வேண்டும்.

இன்றைய கணினியும் பிள்ளையின் ஒவ்வொரு தட்டலையும் பதிந்துவைக்க வல்லது. எங்கே தயங்கினான் என்பதை அது காட்டும். ஏன் தயங்கினான் என்பதை அவன் வாய்தான் சொல்ல வேண்டும்.

இவ்விடத்தே பெற்றோர்க்கு ஒரு கடமை உண்டு. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பயில்கின்றனர். தெருவில் கன்னடம் பேசுகின்றனர். கற்றதை வீட்டில் தமிழில் சொல்லும் வாய்ப்போ அரிதாகி வருகிறது. "நிறம் ஏன் மாறிற்று, கண்ணா? பாட்டிக்கு விளங்கச் சொல்" என்று கேட்பதற்கு வேதியியல் பட்டம் வேண்டுவதில்லை. அறியாதவர்க்கு விளக்குவதே அறிவின் உரைகல். அமிலம், காரம் என்னும் சொற்கள் வாயில் வாராவிடினும் குறையில்லை. காரணம் தமிழில் வரட்டும். கற்றது நிலைக்கும், மூன்று தலைமுறையும் ஒரு மொழியில் உரையாடும். இத்தேர்வை எப்பொறியும் நமக்காக நடத்தித் தராது.