பெட்டிக்குள் ஒரு படை

மகாராஷ்டிர மாநிலத்தின் தென்கோடியில், கோவா எல்லையை அடுத்துள்ள சிந்துதுர்க் மாவட்டத்தில் அமைந்தது சாவந்தவாடி. மும்பையிலிருந்து கொங்கண் இரயில் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் நம்மவர் பலர், அந்நிலையத்தின் பெயர்ப்பலகையை வண்டிச் சன்னலிலிருந்து கண்டிருப்பர். இறங்கி ஊரைப் பார்த்தவர் சிலரே. நிலையத்திலிருந்து ஊருக்குச் சில கிலோமீட்டர் செல்லவேண்டும். ஊரின் நடுவே மோதித் தலாவ் என்னும் ஏரி அமைந்திருக்கிறது. அதன் கரையில் நிற்பது செம்புரைக்கல்லால் எழுப்பப்பெற்ற அரண்மனை. இப்பகுதியை ஆண்ட சாவந்த போன்ஸ்லே மரபினரின் மாளிகை அது.

அரண்மனை என்றதும் வாளும் கேடயமும் காண விரும்புவது இயல்பு. ஆனால் சாவந்தவாடியில் நாம் தேடிச் சென்று காணவேண்டிய படை, இழுப்பு மூடியுடைய ஒரு சிறு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அதுவே கஞ்சிபா என்னும் சீட்டாட்டம். பெட்டியைத் திறந்தால் வட்ட வட்டமாக 120 சீட்டுகள். திருமாலின் பத்து அவதாரங்களின் பெயரால் அவை பத்து அணிகளாகப் பிரிந்துள்ளன. ஒவ்வோர் அணிக்கும் ஓர் அரசன், ஓர் அமைச்சன், ஒன்றுமுதல் பத்துவரை எண்ணுள்ள பத்துச் சீட்டுகள். மச்ச அணியில் மீன்களும், கூர்ம அணியில் ஆமைகளும், பரசுராமன் அணியில் கோடரிகளும் எண்ணிக்கைப்படி தீட்டப்பெற்றிருக்கும். ஓர் அணிக்கு 55 சின்னங்கள்; பெட்டி முழுவதற்கும் 550. இருபது அரசர், அமைச்சர் உருவங்கள் வேறு. இத்தனையும் தூரிகை கொண்டு கையால் எழுதப்படுவன என்பதை எண்ணும்போதுதான் அச்சிறு பெட்டியின் அருமை விளங்கும்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையை 64 கட்டங்களுக்குள் அடக்கிய சதுரங்கத்தை நாம் அறிவோம். சீட்டிலும் அவ்வாறே படை வகுத்த காலம் உண்டு. பாபர் தம் நினைவுக் குறிப்பில், 1527-ஆம் ஆண்டு சிந்து நாட்டுத் தலைவர் ஒருவருக்குக் கஞ்சிபா அனுப்பியதைக் குறித்துள்ளார். அவர் பேரர் அக்பரின் அவையில் ஆடப்பெற்ற பன்னிரண்டு அணிகளை அபுல் பசல் தம் அயினி அக்பரி நூலில் விரித்துரைக்கிறார். குதிரைக்கு இறைவன், யானைக்கு இறைவன், காலாளுக்கு இறைவன், கோட்டைக்கு இறைவன், கருவூலத்துக்கு இறைவன், கப்பலுக்கு இறைவன் என்று அவ்வணிகள் செல்கின்றன. போருக்கு வேண்டிய யாவும் 144 சீட்டுகளில் அடங்கின. யானை அணியின் எண் சீட்டுகளில் மட்டும் 55 யானைகள்! அத்தனை யானைகளையும் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு பயணம் போகலாம்.

பொருளைச் சிறிதாக்குவது எளிது. போரைச் சிறிதாக்குவதே அரிது. அந்த அருமையை இவ்விளையாட்டின் விதிகளில் காண்கிறோம். அரசனே ஒவ்வோர் அணியிலும் மேல். அவனுக்கு அடுத்தவன் அமைச்சன். ஐந்து அணிகளில் அவர்களுக்குப்பின் பத்தே வலிது, ஒன்று கடைசி. மற்ற ஐந்து அணிகளிலோ ஒன்று வலிது, பத்து கடைசி! எண்ணிக்கை மிகுந்ததே வெல்லும் என்று நம்பியவன் அங்கே தோற்பான். மேலும், அரசன் ஆடித் தீர்ந்தபின் அமைச்சனே தலைவன். அவனும் போனால் எஞ்சியவற்றுள் வலியது எதுவோ அதுவே தலைமை ஏற்கும். ஆகவே, வீழ்ந்தவர் யார், நிற்பவர் யார் என்று 120 சீட்டுகளையும் நினைவில் வைத்திருப்பவனே வெல்வான். வட்டச் சீட்டுக்கு மூலை இல்லை. மூலை மடிந்து அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்ற அச்சமும் இல்லை.

முன்னாளில் துணியையோ தாளையோ புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி விறைப்பாக்கி, வெண்சுண்ணப் பூச்சிட்டு, வண்ணந்தீட்டி, அரக்கு மெருகேற்றிச் சீட்டுகள் செய்தனர். செல்வர்க்குத் தந்தத்திலும் ஆமையோட்டிலும் செய்ததுண்டு. இயந்திரத்தில் அச்சிட்ட 52 சீட்டுக் கட்டு மலிவாகக் கடைக்கு வந்ததும், கைச்சீட்டு நிலைகுலைந்தது. 1970-களில் அரச மரபினரான சிவராம் ராஜே போன்ஸ்லேயும் அவர் துணைவியார் சத்வசீலாதேவியும் இக்கலையைத் தாமே கற்று, அரண்மனையிலேயே ஓவியர்களை அமர்த்தி அதற்கு மறுவாழ்வு தந்தனர். அவர்கள் முயற்சியால், அத்தர்பார் மண்டபம் ஓவியர்கள் அமர்ந்து சீட்டெழுதும் இடமாயிற்று. அரசாணைகள் பிறந்த இடத்தில் அரசர்கள் விரல்நுனி அளவில் பிறப்பது காணத்தக்க காட்சியே.

ஆயினும் இங்கே ஒரு வருத்தமும் உண்டு. எழுதுவோர் பிழைத்தனர், ஆடுவோர் அருகினர். வாங்குவோருள் பெரும்பாலார் சீட்டுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் பதித்துச் சுவரில் மாட்டுகின்றனர், அன்றேல் நிலைப்பேழையில் அழகுக்கு வைக்கின்றனர். ஓவியருக்கு அதனால் கூலி கிடைக்கிறது, அதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் சுவரில் மாட்டிய மீனுக்கும் ஆமைக்கும் எது வலிது என்ற வேறுபாடே இல்லை. ஆட்டம் அறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, பெட்டியில் ஒரு சீட்டும் குறைவதில்லை. ஆயினும் படை கலைந்துவிடுகிறது.

எனவே அவ்வழிச் செல்லும் அன்பர்கள், பெட்டியை வாங்கும்போது ஆடும் முறையையும் கேட்டறிந்து வருவார்களாக. மிகப் பெரிய கூட்டம் வேண்டுவதில்லை. மூவர் போதும், ஆளுக்கு நாற்பது சீட்டு. தாத்தாவும் பேத்தியும் இன்னொருவரும் ஒரு துணியை விரித்து அமரலாம். பகலாயின் இராமனைப் பெற்றவர் ஆட்டத்தைத் தொடங்குவார். இரவாயின் கண்ணனைப் பெற்றவர். விளக்கேற்றியபின் அமர்வது நம் வீடுகளுக்கு வசதி. கண்ணன் யார் கையில் வந்திருக்கிறான் என்று பார்த்துத் தொடங்க வேண்டியதுதான்.